"பரவாயில்லை" என்று சொல்லுமுன்...

ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் வாழுமாயின், அத்தெருவில் எப்பொருளும் ஒரே வீட்டில் தங்கியிருப்பதில்லை. ஏணி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும். திருவிழா நாள்களில் அண்டாவும் அகப்பையும் போகும். ஒரு பிள்ளை புதுநன்மைக்கு அணிந்த வெள்ளுடையை மறு ஆண்டு மற்றொரு பிள்ளை அணியும். இந்நாளில் இரு சக்கர வண்டியும் கைபேசியின் மின்னேற்றியும்கூட இவ்வாறே கைமாறுகின்றன. இப்படிச் சென்ற பொருள்களுள் சில பழுதாகித் திரும்பி வருகின்றன. அவ்வேளையில் நம் வாயினின்று முதலில் வெளிப்படும் சொல் ஒன்று உண்டு: "பரவாயில்லை."

நல்ல சொல்தான். கை தவறிக் கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டுக் கலங்கி நிற்கும் விருந்தினருக்கு அது அருமருந்து. ஆனால் உள்ளம் ஒப்பாதபோது உதடு மட்டும் அதைச் சொல்லுமாயின் என்ன நேரும்? எம் இல்லத்தில் நேர்ந்த ஒன்றைக் கூறுகிறோம்.

1983ஆம் ஆண்டு. தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். எம் அன்னையாரிடம் கால்மிதியுடன் கூடிய தையல் இயந்திரம் ஒன்று இருந்தது. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. தந்தையாரின் ஊதியம் மாதத்தின் இருபதாம் நாளைத் தாண்டாது. எஞ்சிய பத்து நாள்களையும் அவ்வியந்திரமே ஓட்டியது. மே மாதம் பிறந்துவிட்டால் பள்ளிச் சீருடைத் துணிகள் வந்து குவியும்.

அடுத்த வீட்டு அம்மையாரும் எம் அன்னையாரும் ஒருவரையொருவர் "மதினி" என்று அழைத்துக்கொள்வர். எங்களுக்கு அவர் அத்தை. இரத்த உறவு ஏதும் இல்லை. ஆயினும் எங்கள் வீட்டில் உப்புத் தீர்ந்தால் கடைக்குப் போகமாட்டோம், அத்தை வீட்டுக்குத்தான் போவோம். அவ்வாண்டு மே மாதம் தம் மகளின் புதுநன்மை உடையைத் தைப்பதற்காக அத்தை இயந்திரத்தை நான்கு நாள்களுக்கு இரவல் கேட்டார். அன்னையாரும் மகிழ்வோடு கொடுத்தார். உடை அழகாகவே அமைந்தது. ஆனால் அவ்வீட்டிற்கு வந்திருந்த அத்தையின் தம்பி, ஒரு பிற்பகலில் கித்தான் துணியில் பை ஒன்றை அதிலேயே தைத்துக்கொண்டார்.

வீட்டுத் தையல் இயந்திரம் மெல்லிய துணிக்கென அமைந்தது. அதில் கித்தானை நான்கு மடிப்பாக வைத்து மிதித்தால் ஊசி வளையும். வளைந்த ஊசி, கீழே சுழலும் ஷட்டிலின் கூர்முனையில் மோதும். மோதிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் ஒன்று உண்டாகும். பின்னர் எவ்வளவு நல்ல நூலைக் கோத்தாலும் அப்பிசிரில் பட்டு அறுந்துகொண்டே இருக்கும். தையல் விட்டுவிட்டு விழும். அன்னையார் அன்று மாலை சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தார். "டக்" என்றொரு ஓசை கேட்டது. தகட்டைத் திறந்தபோது கித்தான் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்கவேண்டிய கேள்வி எதுவும் மிச்சமில்லை.

நகரத்திலிருந்து வந்தவர் ஷட்டிலை மாற்றி, ஊசியின் ஓட்டத்தைச் சரிசெய்து, 35 ரூபாய் பெற்றுச் சென்றார். அவர் வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு வீட்டார் சீருடைத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டனர்.

குழாயடியில் அத்தை கேட்டார்: "மதினி, மிஷின்ல கோளாறு ஒண்ணும் இல்லையே?"

"அதெல்லாம் பரவாயில்லை மதினி" என்றார் அன்னையார்.

அவ்வளவே. அத்தையும் நம்பிவிட்டார். அதன் பின்னர் எங்கள் வீட்டில் உப்புத் தீர்ந்தால் நாங்கள் கடைக்குப் போனோம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று அத்தை வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து தட்டு வெறுமையாகத் திரும்பிச் சென்றது. வந்த தட்டை ஒருபோதும் வெறுமையாகத் திருப்பலாகாது, ஒரு பிடி சர்க்கரையாவது இட்டு அனுப்பவேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தவர் அன்னையாரேதான்.

சொல்லப்படாத கடன்

எம் அன்னையார் பொய் பேசுகிறவர் அல்லர். பொறுத்துக்கொள்வதே கிறிஸ்தவப் பண்பு என்று எண்ணியே அவர் அவ்வாறு சொன்னார். ஆனால் அவர் பொறுக்கவில்லை, மறைத்தார். இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். எத்தனையோ நல்ல குடும்பங்கள் இதில் தடுமாறுவதை நாம் கண்டிருக்கிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், பதினாயிரம் தாலந்து கடன்பட்ட பணியாளனின் உவமை வருகிறது. அரசன் அக்கடனை முழுவதும் மன்னிக்கிறான் என்பதை அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் உவமை எதில் தொடங்குகிறது? கணக்குப் பார்ப்பதில் தொடங்குகிறது. இன்ன தொகை என்று கடன் முதலில் எண்ணப்படுகிறது. கடன்பட்டவன் அதைக் கேட்கிறான். அதன் பின்னரே அது தள்ளுபடியாகிறது. எண்ணாத கடனை எவ்வாறு மன்னிப்பது? தான் கடன்பட்டதே அறியாதவன் மன்னிப்பை எவ்வாறு பெற்றுக்கொள்வான்?

அதே அதிகாரத்தில் இவ்வுவமைக்குச் சற்று முன்னரே ஆண்டவர் ஓர் ஒழுங்கையும் கற்பிக்கிறார். சகோதரர் தவறு செய்தால் முதலில் அவரிடம் தனியே சென்று எடுத்துச் சொல்லவேண்டும். கேளாவிடில் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்லவேண்டும். அதற்கும் இணங்காவிடில்தான் சபையிடம் கொண்டுசெல்லவேண்டும். நாம் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். எம் அன்னையார் தெருவில் நான்கு வீடுகளில் அந்த ஷட்டிலைப் பற்றிச் சொல்லியிருந்தார். சொல்லவேண்டிய ஐந்தாம் வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

இரவலைப் பற்றி மறைநூல்

இரவல் பொருள் பழுதாவது இன்று நேற்றுத் தோன்றிய தொல்லையன்று. அரசர்கள் இரண்டாம் நூலின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உள்ளது. எலிசாவின் சீடர்கள் யோர்தான் கரையில் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவரின் கோடரித் தலை கழன்று ஆற்றில் விழுந்துவிடுகிறது. அவர் அலறுகிறார். கோடரி போயிற்றே என்பதைவிட, அது இரவல் வாங்கியதாயிற்றே என்பதே அவருடைய துயரம். இரும்பு மிதந்த வியப்பில் நாம் இதைக் கவனியாது விட்டுவிடுகிறோம். நேர்மையான மனிதர் ஒருவரின் நெஞ்சம் பிறர் பொருளுக்காக எப்படித் துடிக்கும் என்பதை அவ்வலறல் காட்டுகிறது.

விடுதலைப் பயண நூலின் 21, 22ஆம் அதிகாரங்களோ இன்னும் நுணுக்கமாகப் பேசுகின்றன. ஒருவர் குழி வெட்டி மூடாது விட, அதில் பிறருடைய மாடு விழுந்து செத்தால், குழிக்கு உரியவர் விலையைக் கொடுக்கவேண்டும். செத்த மாடு அவருக்குச் சேரும். ஒருவர் மூட்டிய தீ முட்செடிகளில் பற்றி அடுத்தவரின் கதிரை எரித்தால், தீ மூட்டியவர் ஈடு செய்யவேண்டும். காவலுக்கு ஒப்படைத்த ஆட்டைக் காட்டு விலங்கு கிழித்துப்போட்டால், எஞ்சியதைக் கொண்டுவந்து காட்டினால் போதும், ஈடு தேவையில்லை. இரவல் வாங்கிய கால்நடை, உரியவர் உடனில்லாதபோது காயப்பட்டாலோ செத்தாலோ, வாங்கியவர் முழு ஈடு தரவேண்டும். உரியவர் உடனிருந்தால் வேண்டியதில்லை. வாடகைக்கு வாங்கியதாயின் வாடகையோடு கணக்குத் தீர்ந்தது.

இச்சட்டங்கள் யாரையும் திட்டச் சொல்லவில்லை என்பதைக் காண்க. பொருளுக்கு என்ன ஆயிற்று, யார் பொறுப்பில் இருந்தது, எவ்வளவு ஈடு என்பனவே அவற்றின் கேள்விகள். அதே 22ஆம் அதிகாரம், பிறருடைய மேலாடையை அடகாகப் பெற்றவர் பொழுது சாயுமுன் அதைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஏழைக்குப் போர்த்திக்கொள்ள வேறு துணி இல்லையாம். ஈடு கேட்கும் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு.

இத்தொடர்பில் எம் உள்ளத்தை மிகவும் கவர்வது பிலமோனுக்கு எழுதப்பட்ட சிறு திருமுகமாகும். நம் பாட்டிமார் சின்னப்பர் என்றே அழைத்துவந்த பவுலடியார், தம்மிடம் வந்து சேர்ந்த அடிமையாகிய ஒனேசிமுவைத் தலைவரிடம் திருப்பி அனுப்புகிறார். அவரைச் சகோதரராக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறார். மன்னித்துவிடும் என்று மட்டும் எழுதி முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இவர் உமக்கு ஏதேனும் இழப்பு விளைவித்திருந்தால், கடன்பட்டிருந்தால், அதை என் கணக்கில் எழுதும், நானே செலுத்துவேன் என்று தம் கைப்பட எழுதித் தருகிறார். அன்பு மிகுந்த அத்திருமுகத்தில் கணக்கும் இருக்கிறது. அன்புக்கு அது இழுக்காகவில்லை.

1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தனியார் உடைமையையோ பொது உடைமையையோ வேண்டுமென்றே சேதப்படுத்துவது அறநெறிக்கு முரணானது என்றும், அதற்கு ஈடு செய்தாகவேண்டும் என்றும் ஏழாம் கட்டளையின் விளக்கத்தில் கூறுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிய பகுதியிலும், பிறர்க்கு இழைத்த தீங்கை இயன்றவரை சரிசெய்யும் கடமையை வலியுறுத்துகிறது.

நாட்டுச் சட்டமும் இவ்வழியே செல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பேணுவதுபோல் அதைப் பேணவேண்டும். அவ்வாறு பேணியும் பழுது நேர்ந்தால் பொதுவாக அவர் பொறுப்பாளி அல்லர். ஆனால் ஒப்புக்கொண்ட பயனுக்கு மாறாகப் பயன்படுத்தினால், அப்போது நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்கவேண்டும். அச்சட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. தாமே ஏறிச் செல்வதற்கென ஒருவர் குதிரையை இரவல் வாங்குகிறார். தம் குடும்பத்தார் ஒருவரை அதில் ஏறவிடுகிறார். அவர் கவனமாகவே ஓட்டியும் குதிரை இடறி விழுகிறது. இரவல் வாங்கியவர்தான் ஈடு தரவேண்டும். எங்கள் தையல் இயந்திரமும் அத்தையின் தம்பியும் இவ்வெடுத்துக்காட்டில் அப்படியே பொருந்துவதை வெகு காலத்திற்குப் பின்னரே நாம் படித்து வியந்தோம். பொருளில் தாம் அறிந்த குறை இருந்தால் அதைக் கொடுப்பவர் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. பிரேக் பிடிக்காத மிதிவண்டியை வாய் திறவாமல் இரவல் கொடுப்போர் இதனை நினைவிற் கொள்ளட்டும்!

எவ்வாறு சொல்வது?

முதலில், பொருளைக் காப்பாற்றக் கூடுமானால் அதைச் செய்யவேண்டும்; கோபம் சற்றுக் காத்திருக்கலாம். நனைந்த புத்தகத்தின் தாள்களுக்கிடையே உறிஞ்சும் தாளை வைத்து நிழலில் காற்றாட விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டு நாள் கடந்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நீரில் விழுந்த கைபேசியை உடனே அணைத்துவிடவேண்டும். உலருமுன் மின்னேற்றக் கூடாது. யார் குற்றம் என்று நாம் வழக்காடும் அரைமணி நேரத்தில்தான் பல பொருள்கள் முற்றிலும் கெட்டுப்போகின்றன.

பின்னர் சொல்லவேண்டும். உரியவரிடம், தனியே, ஓரிரு நாள்களுக்குள் சொல்லவேண்டும். ஒரு திங்கள் கழித்துச் சொன்னால், இத்தனை நாளும் மனத்தில் வைத்திருந்தாயா என்ற புண் வேறு சேர்ந்துகொள்ளும். சொல்லும்போது பொருளைப் பற்றிப் பேசவேண்டும். ஆளைப் பற்றி அன்று. "மதினி, மிஷின் திரும்பி வந்ததிலிருந்து நூல் அறுகிறது, ஷட்டிலில் பிசிர் விழுந்திருக்கிறது, நீங்களே வந்து பாருங்கள்" என்பது ஒருவகை. "பொருளின் அருமை தெரியாதவர்கள்" என்பது மற்றொருவகை. முன்னதற்கு மறுமொழி சொல்ல முடியும். பின்னதற்குச் சண்டைதான் போட முடியும்.

எவ்வளவு கேட்பது? பழுது நீங்குமாயின், நீக்கும் செலவு. நீங்காதாயின், பொருளின் இன்றைய மதிப்பு. பத்தாண்டு உழைத்த மின்விசிறிக்குப் புதியதன் விலையைக் கேட்பது நீதியாகாது. வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள்கூட ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்தே பொதுவாக ஈடு வழங்குகின்றன. முழு மதிப்பையும் பெற்றுக்கொண்டால், உடைந்த பொருளை அவரிடமே கொடுத்துவிடுவது நேர்மை. குழியில் விழுந்த மாட்டை நினைத்துக்கொள்க.

விலை சொல்ல முடியாதவையும் உண்டு. மறைந்த தாயாரின் மணச்சேலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட அடையாளம் விழுந்தால் எதைக் கொண்டு ஈடு செய்வது? அங்கே பணம் கேட்பதில் பொருளில்லை. ஆயினும் அச்சேலை தமக்கு எத்தகையது என்று சொல்லிவிடலாம். சுட்டவர் அதைக் கேட்டு வருந்துவதே அங்கு அவர் செய்யக்கூடிய ஈடு. அதற்கும் இடம் கொடாமல் "பரவாயில்லை" என்று வாயை அடைத்துவிடுகிறோம். (இத்தகைய பொருள்களை இரவல் கொடாதிருப்பதில் குற்றமேதும் இல்லை என்பது எம் தாழ்மையான கருத்து. இல்லை என்று அன்புடன் சொல்லவும் ஒருவர் பழகிக்கொள்ள வேண்டும்.)

சிறுவர்கள் உடைத்தால் பெற்றோரிடம் பேசவேண்டும். குழந்தையின் எதிரில் பெற்றோரைத் தலைகுனிய வைக்கலாகாது. பந்தடித்துச் சன்னல் கண்ணாடியை உடைத்த பையனைப் புதிய கண்ணாடி பொருத்தும்போது கூட நின்று உதவச் செய்வது நல்லது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயலைச் சட்டம் குற்றமாகவே கருதுவதில்லை.

வேண்டுமென்றே அழிப்பவர்களின் செய்தி வேறு. இழப்பு விளைவிக்கும் எண்ணத்தோடு, அல்லது விளையும் என்று அறிந்தே, பிறர் பொருளை அழிப்பது தண்டனைக்குரிய குற்றம். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு அதைக் குறிக்கிறது. அங்கே தனியே சென்று பேசுவது ஆபத்தாகவும் முடியலாம். பெரியவர்களையோ காவல் நிலையத்தையோ நாடுவதில் கிறிஸ்தவப் பொறுமைக்கு இழுக்கில்லை. கூலி பெற்றுக்கொண்டு துணியைக் கெடுத்த சலவைக்கடை போன்றவற்றின்மீது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். இரசீதைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் ஈடு கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உடைந்த குவளைக்கும் கிழிந்த குடைக்கும் உள்ளபடியே மனம் ஒப்பிப் "பரவாயில்லை" என்று சொல்ல முடியுமானால் சொல்லிவிடலாம். உண்மையா என்று அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அன்றிரவு அதை வேறொருவரிடம் சொல்லத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தோன்றினால், சொல்லவேண்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை என்பதே பொருள்.

முப்பத்தைந்து ரூபாய்

எங்கள் அத்தைக்குச் செய்தி எட்ட ஓராண்டு ஆயிற்று. 1984ஆம் ஆண்டு மே மாதம், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது, அந்த நான்கு வீட்டாருள் ஒருவர் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லிவிட்டார். அன்று மாலையே அத்தை வந்தார். திண்ணையில் அமராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஒரு வருசமா நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரியாம கிடந்து தவிச்சேன் மதினி. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே தந்திருப்பேனே."

அன்னையார் அழுதார். அதெல்லாம் போகட்டும், பணம் வேண்டாம் என்றார். அத்தையோ கேட்கவில்லை. மாதம் 5 ரூபாயாகத் தந்துவிடுவதாகச் சொன்னார். அவருக்கு அது எளிதான தொகையன்று என்பது எங்களுக்குத் தெரியும். அன்னையார் மீண்டும் மறுக்க, உள்ளேயிருந்து எங்கள் ஆச்சியின் குரல் கேட்டது: "வாங்கிக்கோ. நீ வாங்காம விட்டா அவ இனி நம்ம வீட்டு வாசல்ல எப்படி ஏறுவா?"

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அன்னையார் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அத்தை வந்து 5 ரூபாய் கொடுத்துவிட்டு, அமர்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். இரண்டாம் மாதமே அந்த வருகையில் கடன்காரர் வருகையின் சாயல் மறைந்துவிட்டது. ஏழாம் மாதம், திருவருகைக் காலம் தொடங்கியிருந்த வேளையில், கடைசி 5 ரூபாயை வைத்துவிட்டுச் சற்றுத் தயங்கி நின்றார். மகளுக்குக் கிறிஸ்துமஸ் பாவாடை ஒன்று தைக்கவேண்டுமாம்.

அன்னையார் இயந்திரத்தைத் துடைத்து, சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுழற்றிக் காட்டி, ஓசை ஏதுமில்லை என்பதைக் கேட்கச் செய்தார். புதிய ஊசிகள் இரண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "கித்தான் மட்டும் வேண்டாம் மதினி" என்றார். இருவரும் சிரித்தனர். நாங்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இயந்திரத்தை அத்தை வீட்டிற்குத் தூக்கிச் சென்றோம்.